உறவினர்: யாருமில்லை

"எழுது பாப்பா. யாருமில்லைன்னு எழுது. இதுக்குப் போய் என்ன யோசனை?"

அண்ணன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனால் அந்தச் சேர்க்கை அறையில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு இடமில்லை. என்ன தாழ்த்தினாலும் காதில் விழத்தான் செய்யும். சக்கர நாற்காலியில் அம்மா தலை சாய்ந்து கிடந்தாள். பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிறது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் தங்கையான சிஸ்டர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

நாதியற்ற நோயாளிகளுக்கென்று கன்னியர் மடம் நடத்தும் இல்லம் அது. பெற்ற பிள்ளை இருக்கிறவர்களுக்கு அங்கே கட்டில் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அந்த விதியைச் சொல்லி எத்தனையோ மகன்களை வாசலோடு திருப்பி அனுப்பியவள் இந்தச் சிஸ்டர்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"கொண்டுவந்தவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்குண்ணே."

"பக்கத்து வீட்டுக்காரன்னு போட்டுக்க."

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். சிஸ்டருக்குத்தான் கூசியது.

"வீட்ல வெச்சுப் பாக்கவே முடியலையா?"

"உங்க அண்ணி வேலைக்குப் போறா. கடையைப் பூட்டிட்டு நான் உக்காந்து அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கறதா? ஆம்பளைம்மா நான்."

"அப்ப மகள் இருக்கான்னே எழுதறேன். எங்க மடத்து மதர் கால்ல விழுந்தாவது அம்மாவை என் பொறுப்புல வெச்சுக்கறேன்."

அம்மா வெடுக்கென்று தலையை நிமிர்த்தினாள். வாய் கோணினாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மகள்கிட்ட வந்து கிடந்தேன்னா நாலு பேரு அவனைக் காறித் துப்ப மாட்டாங்களா? அநாதைன்னே எழுது. அநாதையைப் பத்தி எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

சிஸ்டர் எழுதினாள். உறவினர்: யாருமில்லை. வேறொருத்தியின் அம்மாவாக இருந்தால் எழுதியிருக்க மாட்டாள். அந்த நினைப்பு அவளைச் சுட்டது. அண்ணன் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று கிளம்பினான்.

வார்டில் உடம்பு துடைக்க சிஸ்டர் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோதுதான் முதுகைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ஒரு வாரத்தில் இரண்டு வாரத்தில் வந்த புண் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மடத்தில் அனுமதி வாங்கி வீட்டுக்குப் போயிருந்தாள். நாற்காலி போட்டு உபசரித்தார்கள். அம்மாவின் தலைமாட்டில் நின்று ஜெபம் சொன்னாள், நெற்றியில் சிலுவை போட்டாள், திரும்பி வந்துவிட்டாள். ஊரார் போர்வையையெல்லாம் விலக்கிப் பார்க்கிறவளுக்கு அன்றைக்கு அந்த ஒரு போர்வையை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. சீழைத் துடைக்கத் துடைக்க வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

பக்கத்துக் கட்டில்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களைப் பெத்த மகராசி கொடுத்து வெச்சவ சிஸ்டர்" என்றாள்.

"ஆமா, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டே.

சிஸ்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மத்தியானம் பதிவேட்டில் 'யாருமில்லை' என்பதை அடித்து, மேலே 'மகள்' என்று எழுதி, நேராக மதரிடம் கொண்டுபோய் நீட்டினாள். மதர் கெட்டவர் இல்லை. பதறிப்போய் அவளோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர் சொல்றது நெசமாம்மா? இவங்க நீங்க பெத்த பிள்ளையா?"

அம்மா சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு ஏதுங்க பிள்ளை? இந்தச் சிஸ்டர் பாக்கற கிழவியையெல்லாம்தான் அம்மா அம்மாங்கறாங்க. பாசம் கொஞ்சம் முத்திப்போச்சு போல."

வார்டே சிரித்தது. மதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு நாள் ஓய்வெடுத்துக்கங்க சிஸ்டர், ரொம்பக் களைச்சிருக்கீங்க" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அங்கேயே நின்று, 'மகள்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

மதர் போனதும் சிஸ்டர் கட்டிலருகே குனிந்தாள். "நாளைக்கும் சொல்லுவேம்மா. தினமும் சொல்லுவேன்."

"சொல்லேன். நானும் தினமும் இல்லேன்னுதான் சொல்லுவேன். உங்கண்ணன் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா? அவனுக்குன்னு ஒரு மானம் இருக்கில்ல?"

"அப்ப என் மானம்?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. நல்ல கையை நீட்டி மகளின் கன்னத்தை ஆசையாகத் தடவினாள்.

"உனக்கு ஏதுடி தனியா மானம்? உன்னைத்தான் அன்னைக்கே மடத்துக்குக் கொடுத்தாச்சே."