வடாம் திருடனின் இரட்டைச் சுழி

தாழைப்பட்டிக்குப் போலீஸ் ஹெலிகாப்டர் வந்த நாளிலிருந்து அந்த ஊரில் மனிதர்களை உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ரேஷன் கார்டில் இருக்கும் படம்கூட மேலிருந்து எடுத்ததுதான். மூக்கும் முழியும் எப்படி இருந்தாலும் சரி, வகிடு நேராக இருந்தால் நல்ல குடும்பம் என்று பேர். வழுக்கை விழுந்தவர்கள் ஆளுக்கொரு மச்சம் வரைந்துகொண்டார்கள். மழை பெய்தால் எல்லோரும் நனைந்துகொண்டே போவார்கள்; அங்கே குடை பிடிப்பது முகமூடி போடுவதற்குச் சமம்.

ஹெலிகாப்டரில் உட்கார்ந்து கீழே பார்ப்பது சப்-இன்ஸ்பெக்டர் அங்கயற்கண்ணியின் வேலை. ஆளைக் கண்டுபிடித்துச் சொல்வதோடு அவள் அதிகாரம் முடிந்தது. பிடிப்பது உள்ளூர் இன்ஸ்பெக்டர் இருளப்பனின் பாடு. முந்நூறு அடிக்குக் கீழே அவர் எல்லை, அதற்கு மேலே இவள் எல்லை. "இடது பக்கம் திரும்புங்க சார், மாவு மில்லுக்குப் பின்னால" என்று இவள் வயர்லெஸ்ஸில் சொல்வாள். அவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். காணாமல் போன மாடுகள், திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள், கோபித்துக்கொண்டு போன மாமனார்கள் எல்லாரும் அகப்பட்டார்கள். அகப்படாதவன் ஒருவன்தான்.

அவன் மொட்டை மாடிகளில் காயும் வடாமைத் திருடுகிறவன். மாடிக்கு மாடி தாவுவான். இரட்டைச் சுழி, நடுவில் ஒரு தழும்பு. எட்டு மாதமாக அந்தத் தலையைத் துரத்தித் துரத்தி அங்கயற்கண்ணிக்கு அதன் மேல் ஆசையே வந்துவிட்டது. அது எண்ணெய் வைக்காமல் பரட்டையாக ஓடுகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. இதை மட்டும் அவள் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சிவசைலம், பள்ளிக்கூடத்தில் கிளார்க். பஜ்ஜியும் காபியும் முடிந்ததும் ஊர் வழக்கப்படி அவன் பெண்ணுக்கு முன்னால் குனிந்து தலையைக் காட்டினான். இரட்டைச் சுழி. நடுவில் தழும்பு.

"ரெட்டைச் சுழிடி. ரெண்டாவதா ஒருத்தியக் கட்டுவான்" என்று அம்மா காதில் ஓதினாள். அம்மாவின் கவலை அம்மாவுக்கு. அங்கயற்கண்ணியின் கவலை வேறு. சொன்னால் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் போடுகிற காக்கி உடுப்புக்குத் துரோகம்.

"ஒரு தரம் மேலேருந்து பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

"தாராளமா பாரும்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. முந்நூறு அடிக்குக் குறைந்து எடுத்த அடையாளம் கோர்ட்டில் நிற்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவள் பட்டுப் புடவையோடு போய் ஏறினாள். ஹெலிகாப்டர் வீட்டுக்கு மேலே வந்து நின்றது. கீழே தெருவில் இரண்டு குடும்பமும் ஒதுங்கி நிற்க, நடுவில் சிவசைலம் தலையைக் குனிந்து அசையாமல் நின்றான். ஹெலிகாப்டர் நிற்பதைப் பார்த்து இருளப்பன் விலங்கோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அவன்தானாம்மா?" என்றார் வயர்லெஸ்ஸில்.

அவள் பார்த்தாள். நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். தனக்காகத்தான் வாரியிருக்கிறான். ஆனாலும் பொய் சொல்ல நா எழவில்லை.

"அவன்தான் சார்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருளப்பன் கையை நீட்டுவதற்குள் சிவசைலம் மாடிக்குத் தாவினான். அங்கிருந்து பக்கத்து வீட்டு இரண்டாம் மாடிக்கு, அதிலிருந்து எதிர்வீட்டு மூன்றாம் மாடிக்கு. தாழைப்பட்டியில் அதற்கு மேல் மாடி கிடையாது. அவன் இல்லாத நாலாம் மாடிக்கும், இல்லாத ஐந்தாம் மாடிக்கும் தாவி மேலே வந்துகொண்டே இருந்தான். இருளப்பனும் விடாமல் ஏறினார். முப்பதாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"இதுக்கு மேல என் எல்லை இல்லம்மா. இனி உன் பாடு" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் போனார்.

சிவசைலம் ஹெலிகாப்டர் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். கண்ணுக்கு நேராகப் பார்த்தபோது அந்த முகம் அவளுக்குப் பிடிபடவில்லை.

"தலையைக் காட்டுங்க" என்றாள்.

காட்டினான். அவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் பெல்ட்டைப் போட்டுக்கோங்க" என்றார் பைலட், திரும்பிப் பார்க்காமல். "நாப்பதாவது மாடியில யாரோ புடவை காயப் போட்டிருக்காங்க. சுத்தித்தான் போகணும்."