ஊருக்குப் போனவர் வீடு

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒரு பொய்கூடச் சொல்லாமல் வாழ்ந்துவரும் ஒரே ஆள் தான்தான் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடியிருப்பின் ஆண்டிறுதிக் கூட்டத்தில் அறிவித்தார். அவர் சிரிக்கவில்லை. அதனால் மற்றவர்களும் சிரிக்கவில்லை. கேக் இன்னும் வெட்டப்படவில்லை, கத்தி அவர் கையில் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

"நான் சொல்லமாட்டேன்ங்கறது ஒண்ணு. மத்தவங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்ங்கறது இன்னொண்ணு" என்றார். "கண்ணைப் பாத்தாப் போதும். கண்ணுக்கு என்ன பவர்னும் சொல்லுவேன், வாய்க்கு என்ன பவர்னும் சொல்லுவேன்."

"அண்ணே, கேக்கு காயுது" என்றார் பேக்கரிக்காரர். கேக் அவர் கடையிலிருந்து வந்தது. அது காய்ந்துபோய் மூன்று நாளாகிறது என்று கண்ணாடிக்காரர் உடனே எல்லோருக்கும் சொன்னார். உண்மை உண்மைதானே.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற சிலர் உண்டு. கண்ணாடிக்காரருக்கு அந்த ஆசை கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வழுக்கை விழுகிறது என்று சொல்லவும், சாவு வீட்டில் செத்தவரின் கடன்களை நினைவூட்டவும் கிடைக்கிற மூன்றாம் இடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் குடியிருப்பில் பனிக்கால விடுமுறைக்குப் பாதி வீடுகள் பூட்டிக்கொள்ளும். பூட்டின வீட்டில் தண்ணீர் அசையாமல் நின்றால் குழாய்க்குள்ளேயே உறைந்து, குழாய் வெடிக்கும். ஒரு வருஷம் அப்படித்தான் வெடித்து, கீழ்வீட்டில் இருந்த சங்கச் செயலாளரின் மெத்தை மிதந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும், போகாமல் இருக்கிற ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் தினமும் வந்து குழாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்துவிட்டுப் போவார். இன்னொரு வருஷம் யாரோ ஜன்னலில் வண்ண விளக்குச் சரத்தை எரியவிட்டுப் போய்த் திரைச்சீலை கருகியது. அப்போது, ஆளில்லாத வீட்டு மெயின் சுவிட்சைத் தரைத்தளத்துப் பலகையிலேயே அணைத்துவிட வேண்டும் என்று இரண்டாவது விதி வந்தது. இரண்டு விதியையும் கொண்டுவந்தவர் கண்ணாடிக்காரர். சாவிக்கொத்தும் வருஷாவருஷம் அவரிடம்தான். "எனக்கு இந்த ஊருக்குப் போற வியாதி கிடையாது" என்பார்.

போன வருஷம் பாட்டு டீச்சரும் சாவி கொடுத்தார். இரண்டாம் மாடியில் தனியாக இருப்பவர். குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, நடுப்பகலில் எல்லோரும் பார்க்கப் பெட்டியோடு இறங்கிப் போனார். கண்ணாடிக்காரர் விதிப்படி மெயினை அணைத்தார். மறுநாள் காலையில் குழாய் திறக்கப் போனவர், சமையலறைத் தரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் வெறும் ரொட்டி தின்றுகொண்டிருந்த டீச்சரைப் பார்த்தார். தம்பி வரச்சொல்லவில்லை. வரச்சொல்ல யாருமில்லை என்று நாலு பேருக்குத் தெரிவதைவிட, இருட்டில் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பது மேல் என்று டீச்சர் நினைத்திருக்கிறார். பின்படி வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்.

நல்ல மனுஷன் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பான். கண்ணாடிக்காரர் நல்ல மனுஷன் மட்டுமல்ல, உண்மையான மனுஷன்.

"என்ன டீச்சர், தம்பி வீடு ரொம்ப இருட்டா இருக்கே" என்றார்.

அதை டீச்சரோடு விட்டிருந்தால்கூடச் சரி. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த குடியிருப்புக்கு அவல் கிடைத்தது. பேக்கரியில் சொன்னார், படிக்கட்டில் சொன்னார், கடையில் கண் பரிசோதிக்க வந்தவர்களை எழுத்துப் பலகைக்கு முன் உட்காரவைத்துச் சொன்னார். "பெட்டியைத் தூக்கிட்டு வீதியைச் சுத்தி வந்து, தன் வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி. ரொட்டியை மெல்லற சத்தம்கூடக் கேக்கக்கூடாதுன்னு என்னைப் பாத்ததும் வாயை அசைக்காம வெச்சுக்கிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு." பிள்ளைகள் 'இருட்டு டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். பாட்டு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். குடும்பமே சேர்த்துக்கொள்ளாத ஒருவரிடம் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று ஒரு தாய் நியாயமாகக் கேட்டாள்.

இந்த வருஷம் கண்ணாடிக்காரரே ஊருக்குப் போகிறார். மகள் வரச்சொல்லியிருந்தாள். மனைவி இறந்த பிறகு இதுதான் முதல் அழைப்பு. இலை உதிரத் தொடங்கியபோதே கடையில் அறிவிப்புப் பலகை மாட்டிவிட்டார். பேரனுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, அதைப் பார்க்க மறுத்தவர்களுக்கும் காட்டினார்.

"சாவி யாருகிட்ட குடுக்கறதுன்னு யோசிச்சேன்" என்று கூட்டத்தில் கொத்தை ஆட்டினார். "பொறுப்பான ஆளா இருக்கணும். முக்கியமா, ஊருக்குப் போகாத ஆளா இருக்கணும். டீச்சர், நீங்க போகமாட்டீங்கன்னு நமக்கெல்லாம் உறுதியாத் தெரியும்."

கேக் வாயில் இருந்தவர்கள் மூக்கால் சிரித்தார்கள். செயலாளர் தரையைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து வந்து கொத்தை வாங்கிக்கொண்டார். சாவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆளில்லாத வீட்டு மெயினை அணைச்சிடணும்ல சார்?"

"கட்டாயம். விதின்னா விதி. என் வீடா இருந்தாலும் சரி."

மறுநாள் காலை பெட்டியில் கடைசிச் சட்டையை மடித்துவைக்கும்போது மகள் அழைத்தாள்.

"அப்பா, கெளம்பிட்டீங்களா?"

"இதோ."

"கோச்சுக்காதீங்கப்பா. இந்தத் தடவை வேண்டாமே."

கண்ணாடிக்காரர் சட்டையின் கையை மடிப்புக்குள் திணித்தார். "ஏம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அவரோட அம்மா இங்க இருக்காங்க. நீங்க வர்றீங்கன்னா அவங்க போயிடறேங்கறாங்க. போன தடவை சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க?"

"கண்ணு தெரியாத மாதிரி நடிக்கறாங்கன்னு சொன்னேன். நடிச்சாங்கம்மா. வேலை செய்யாம இருக்கறதுக்கு. நான் எத்தனை கண்ணு பாத்திருக்கேன்."

"அடுத்த மாசமே அவங்களுக்குக் கண்ணுல ஆபரேஷன்பா. ஒரு கண்ணு போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு அவர்தான் சொன்னாரு."

மறுமுனையில் பேரன் எதையோ கேட்டு அழுவது கேட்டது. பிறகு மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சரிம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "எனக்கும் கடையில தலைக்கு மேல வேலை. நானே வரலைன்னு சொல்லத்தான் போனை எடுத்தேன், நீ கூப்பிட்டுட்ட."

அவ்வளவு பழக்கமில்லாத வாய்க்கு அது எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

போகவில்லை என்று கீழே போய்ச் சொல்லலாம். அதற்குத் தேவை ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் பேக்கரிக்காரர் என்ன கேட்பார், அப்போது அவர் மீசை எந்தப் பக்கம் ஏறும், பிள்ளைகள் என்ன பேர் வைப்பார்கள் என்பதெல்லாம் கண்ணாடிக்காரருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பைப் பழக்கிக்கொடுத்தவரே அவர்தானே. பெட்டியைப் பூட்டினார்.

வாசலில் நாலைந்து பேர் வழியனுப்ப நின்றார்கள். பேக்கரிக்காரர் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "வழிக்கு வெச்சுக்குங்கண்ணே. இது இன்னைக்குப் போட்டது, சத்தியமா." "பேரனைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார் செயலாளரின் மனைவி. டீச்சர் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்றிருந்தார். கண்ணாடிக்காரர் எல்லோருக்கும் கையசைத்துவிட்டு டாக்சியில் ஏறி, இரண்டு வீதி தள்ளி இறங்கிக்கொண்டார்.

விடுதிகளில் இடமில்லை. விடுமுறைக் காலத்தில் தனியாள் ஒருவன் பெட்டியோடு வந்து நின்றால் வரவேற்பறைப் பெண்கள் பார்க்கிற பார்வையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, கட்டிப்பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தார். யார் யார் மனசாரக் கட்டிப்பிடிக்கிறார்கள், யார் யார் நடிக்கிறார்கள் என்று கணிக்க முயன்றார். அன்றைக்கு எல்லோருமே மனசாரக் கட்டிப்பிடித்துத் தொலைத்தார்கள். காது மரத்துப்போன பிறகு, பொழுது சாயும் நேரம் பார்த்து, பெட்டி படிகளில் இடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு பின்படி ஏறினார்.

கொத்தில் சேர்க்காத மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, ஹீட்டரைத் திருகினார். சிவந்தது. மெயின் இன்னும் அணைக்கப்படவில்லை. 'பாத்தியா, ஒரு வேலையை நம்பிக் குடுக்க முடியுதா இவங்களை' என்று மனதுக்குள் டீச்சரைக் கடிந்துகொண்டார். விளக்குப் போடாமல், ஹீட்டர் வெளிச்சத்திலேயே தேநீர் வைத்தார். ஆவி படிந்ததால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முதல் மடக்கைக் குடிக்கப் போனபோது, கதவில் சாவி திரும்பியது.

அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. இப்போதும் யாரும் பார்க்கவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கீல் இடுக்கு வழியே பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஆளும் அலமாரியும் ஒன்று. டீச்சரின் உருவம் மங்கலாக உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, சமையலறைக் குழாயைத் திறந்து, சொட்டுகிற அளவுக்குத் திருகிவைத்தது. திரும்பிப் போகப் பார்த்து, மேசைக்கருகே நின்றுவிட்டது.

மேசையில் ஆவி பறக்கும் கோப்பை. பக்கத்தில் கண்ணாடி. கீழே சிவந்த ஹீட்டர். நாற்காலியின் மேல் பெட்டி.

டீச்சர் முகத்தில் இருப்பது கோபமா, சிரிப்பா, இரக்கமா என்று கண்ணாடிக்காரர் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தே எதையும் சொல்லிவிடுகிறவருக்கு, அங்கே ஒரு முகம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு உருவம் குனிந்தது. ஹீட்டர் அணைந்தது. தேநீர் தொட்டியில் கொட்டப்பட்டது. கோப்பையைக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்க்கும் சத்தம் வந்தது. டீச்சர் போனை எடுத்துச் செயலாளரை அழைத்தார்.

"சார், டீச்சர் பேசறேன். கண்ணாடிக்காரர் வீட்டுல குழாய் திறந்துட்டேன். ஆமா, ஆளில்லாத வீடுதான். நல்லாப் பாத்துட்டேன் சார், ஈ காக்கா இல்ல. கீழ மெயினை அணைச்சிடுங்க. காலையிலயே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு, மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். அது பைக்குள் போகும் சத்தம் கேட்டது.

"பாவம், கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டாரே" என்று யாருமில்லாத வீட்டுக்குச் சொன்னார். குரல் வகுப்பில் சொல்வதுபோல் தெளிவாக இருந்தது. "ஊர்ல இருந்து வந்ததும் குடுத்துடலாம்."

கதவு பூட்டப்பட்டது. கொஞ்ச நேரத்தில் விளக்கு போயிற்று.

கண்ணாடிக்காரர் இன்னும் கொஞ்சம் கதவுக்குப் பின்னாலேயே நின்றார். கடை நிறையக் கண்ணாடிகள் இருந்தன, அவருடைய பவரிலேயே இரண்டு இருந்தன. ஆனால் கடைக்குப் போக வேண்டுமானால் முதலில் ஊரிலிருந்து வர வேண்டும். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. டீச்சர் சொல்லிவிடுவாரா, மாட்டாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. தினமும் ஒருமுறை குழாயைப் பார்க்க வருவார் என்பது மட்டும் தெரிந்தது. அதுதான் விதி.

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்து வண்ண விளக்குகள் கண்ணாடி இல்லாத கண்ணுக்குச் சிந்திய சாயம்போலத் தெரிந்தன. குளிர் ஜன்னலோரத்தில் தொடங்கி அறைக்குள் வந்தது. தடவித் தடவிப் போர்வையை எடுத்தார். தடவித் தடவிக் கைவிளக்கை எடுத்தார். சமையலறைக்கு ஒரே ஜன்னல்தான், அதுவும் வெளிச்சம் தெரியாத பின்பக்கம். அங்கே தரையில் உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, விளக்கைக் கைக்குள் மூடிப் போட்டார். விரல்களுக்கிடையே கசிந்த வெளிச்சத்தில் பேக்கரிக்காரரின் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டி உண்மையிலேயே இன்றைக்குப் போட்டதுதான். தலைக்கு மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாய் வைத்திருப்பார். மாடிப்படியில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள். பேச்சு அவர் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றது.

கண்ணாடிக்காரர் விளக்கை அணைத்தார். வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.