இருளாயி கொடுத்ததாகச் சொன்ன கஞ்சி

1

இந்தக் கதை என் பித்தப்பையிலிருந்து வந்தது. போன ஆவணியில் கல் எடுக்கப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்தேன். முகமூடியை வைத்து, "எண்ணிக்கிட்டே வாங்க" என்றார் மயக்க மருத்துவர். ஒன்று, இரண்டு, மூன்

(அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரத்தை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். எனக்கே தெரியாததை எப்படி எழுத?)

எழுத வந்தது, முந்தின நாள் அவர் கேட்ட கேள்வி மட்டும்: "உங்க வீட்டுல யாருக்காச்சும் மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லவேண்டிய ஒருவரைக் கற்பனை செய்தேன்.

2

அவர் பிச்சைமுத்து. பொன்னமராவதியில் உரக்கடை. என் கல்லையே அவருக்கும் கொடுத்தேன். மயக்க மருத்துவர் அருணா அதே கேள்வியைக் கேட்டபோது, வீட்டில் ஒருவர் ஆபரேஷனில் இறந்ததைச் சொன்னால் ஆபரேஷன் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார்.

"இல்லைங்க."

"ஆபரேஷன்ல யாரும் தவறிப்போனாங்களா?"

"அண்ணன் சேவுகன். குடல்வால் ஆபரேஷன், பதினாலு வருசமாச்சு. அது மருந்தால இல்லைங்க. வெறும் வயித்தோட வரச்சொன்னாங்க, மதினி கஞ்சியக் குடுத்துருச்சு."

"எப்படித் தவறினாரு?"

"ஒடம்பு அனலாக் கொதிச்சுச்சாம். தாடை, கை காலெல்லாம் வெறைச்சுப் போச்சாம்."

அருணா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கஞ்சி நெஞ்சுக்குள்ள போனா மூச்சுத் திணறும். ஒடம்பு இப்படி வெறைச்சுக் கொதிக்காதுங்க. சில குடும்பத்து ஒடம்புக்கு நாங்க குடுக்குற மயக்க வாயு ஆகாது. ஒங்க அண்ணனுக்கு அதுதான்னு இப்ப நிரூபிக்க முடியாது. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது."

கஞ்சிக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவர் பிச்சைமுத்துதான்.

3

(அருணாவை முதல் வரைவில் சிடுசிடுப்பானவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

அந்த வாயு குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். குப்பியில் தண்ணீர்போல இருக்கிறது. ஆவியாகி, மூச்சோடு உள்ளே போகிறது. வயிற்றைத் திறந்தாலும் தெரியாத தூக்கம். அளவைக் குறைத்தால் மூச்சோடே வெளியேறி, ஆளை வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்கிறது. இருபது வருடமாக அருணா நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது அதை நம்பித்தான்.

பிச்சைமுத்துவுக்காக அதை ஒதுக்கிவைத்தார். இயந்திரத்திலிருந்து குப்பிகளைக் கழற்றினார், குழாய்களைப் புதிதாக மாற்றினார், மிச்சமிருக்கும் வாயு போக மணிக்கணக்கில் ஆக்சிஜனை ஓடவிட்டார். தூக்கத்தை நரம்பு வழியாகக் கொடுத்தார். ஆபரேஷன் முடியும்வரை அவர் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

(இங்கே ஒரு ஆபத்தைச் செருக நினைத்தேன். காய்ச்சல் ஏறுவதாக. அருணா அத்தனை கவனமாக இருக்கும்போது எழுதக் கை வரவில்லை.)

பிச்சைமுத்து நல்லபடியாகக் கண் விழித்தார்.

4

"அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார் அருணா.

"பிரசாந்த்னு ஒரு பையன். மதினியோட கீரமங்கலத்துல இருக்கான்."

சேவுகனுக்கு நடந்ததையும், மயக்க வாயு கொடுக்கக்கூடாது என்பதையும் அருணா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "அந்தப் பையனுக்கு எங்க ஆபரேஷன்னாலும் மொதல்ல இதக் காட்டணும்."

"தபால்ல அனுப்பலாங்களா?"

"அனுப்பலாம். நீங்களே போனா நல்லது."

5

போனார். மதினி இருளாயி கதவைத் திறந்தாள்.

முதல் முடிவில் அவள் அழுது, மன்னித்தாள். பதினாலு வருடத்தை ஒரு பக்கத்தில் மன்னிக்கச் சொல்ல நான் யார்? கிழித்தேன். இரண்டாவதில் தாளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதில் நியாயம் இருந்தது. ஆனால் பிச்சைமுத்து வந்தவழியே தப்பித்துவிட்டார்.

மிஞ்சியது இது. இருளாயி தாளை இரண்டு முறை படித்தாள்.

"அப்ப கஞ்சி?"

"அதனால இல்லையாம் மதினி. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

"நான் கஞ்சி குடுக்கவே இல்ல தம்பி. அன்னிக்கே சொன்னேன்." தாளை மடித்துக்கொண்டாள். "ஒங்க பேச்சு இங்கிட்டு வரைக்கும் வந்துச்சு. இப்பச் சொன்னத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? தெருவுல நின்னு சொல்லுங்க."

எதிர்வீட்டில் இரண்டு பேர் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து படியிறங்கித் தெருவில் நின்றார்.

அவர் சொல்லவேண்டிய வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். எதுவும் போதவில்லை. இருளாயி கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். நீங்கள் எழுதிக் கொடுங்கள்.