மாமனார் வாங்கிய எமர்ஜென்சி லைட்

எங்கள் வீட்டுக்கு எமர்ஜென்சி லைட் வந்ததே என் மெழுகுவர்த்தியை ஒழிக்கத்தான். வாங்கியவர் என் மாமனார் மாணிக்கராஜ். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசு முழுக்க அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனுஷன். ரிட்டயர் ஆன பிறகு குறை கண்டுபிடிக்க அவருக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

நான் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் பெண், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கப் பெண். அவர்கள் மாதாவை வணங்காத சபைக்காரர்கள். அவர் மகன் ஜெயகரன் என்னைக் காதலித்துத்தான் கட்டினார். கல்யாணத்துக்கு முன்பே மாமனார் என்னை எதிரில் உட்காரவைத்து, "என் வூட்ல மாதா படம், ஜெபமாலை, மெழுகுவர்த்தி ஒண்ணும் கூடாது. உங்க கோயிலுக்கும் போகக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டார். காதல் கண்ணை மறைத்தது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டேன்.

ஆட்டிய தலைக்கு வினை பிறகுதான் வந்தது. என் அப்பா செத்துப்போனார். மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் வேலை, ஷிஃப்ட் முடிந்தால் சாராயக்கடை. நல்லவர், ஆனால் குடிகாரர். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. அப்படிப் போன ஆத்துமா மோட்சம் சேராமல் நடுவில் தவிக்கும், அதற்காக உயிரோடு இருக்கிறவர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பாவுக்காக வேண்ட இந்த உலகத்தில் நான் மட்டும்தான். ஆனால் மாமனார் சபையில் செத்தவர்களுக்காக ஜெபம் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போக ஆரம்பித்தது. தெருவே திட்டித் தீர்த்தது. எனக்கு மட்டும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி கொளுத்தித்தானே ஆகவேண்டும், அதை எந்தச் சபை தடுக்கும்? ஹாலில் ஒன்று வைப்பேன், சமையலறையில் ஒன்று. அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையகல மாதா படம் இருந்தது. டப்பாவை நகர்த்திவிட்டு மெழுகுவர்த்தியை அதன் முன்னால் நிறுத்தி, விரல்களை எண்ணி எண்ணி அப்பாவுக்காக ஜெபமாலை சொல்லி முடிப்பேன். கரண்ட் வந்ததும் டப்பா பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்த மாமனார் என்னை முழங்காலில் பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குடித்த டம்ளரை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கத்துகிற ஆளை நம்பலாம், இப்படி டம்ளர் கவிழ்க்கிற ஆளை நம்பக் கூடாது.

மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு. ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் எமர்ஜென்சி லைட்டு வாங்கினு வரலாம். நீயே செலக்ட் பண்ணு."

உன்னைக் கட்டப்போகிற கயிற்றை நீயே பார்த்து வாங்கிக்கொள் என்பது போல இருந்தது. இருந்தாலும் போனேன். போகாவிட்டால் அவர் இஷ்டத்துக்கு வாங்கிவிடுவாரே.

கடைக்காரர் பாஸ்கரன் விளக்குகளை வரிசையாக எடுத்து வைத்தார். நான் சிம்னி விளக்கைக் காட்டினேன். மண்ணெண்ணெய் நாற்றம் ஆகாது என்றார் மாமனார். சின்ன சிலிண்டர் மேல் மாட்டுகிற கேஸ் லைட்டைக் காட்டினேன். வீடு பற்றிக்கொள்ளும் என்றார். தீக்குச்சி கிழித்து ஏற்றுகிற விளக்கு எதுவானாலும் எனக்குச் சம்மதம். வீட்டில் தீப்பெட்டிக்கு வேலை இருந்தால் மெழுகுவர்த்திக்கும் ஒரு வழி பிறக்கும். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு அவர் தன் இன்ஸ்பெக்‌ஷனை ஆரம்பித்தார். பேட்டரி விளக்குகள் எல்லாவற்றையும் பின்பக்கக் குடோனுக்குத் தூக்கிவரச் சொல்லி, கதவைச் சாத்தி, பையிலிருந்து பாக்கெட் பைபிளை எடுத்து ஒவ்வொரு விளக்கின் கீழும் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தார். பைபிள் சங்கீதத்தைப் படிக்கையில் தடுக்கவைத்த விளக்கை ஒதுக்கினார். கடைசியில் ஒரு வெள்ளைப் பெட்டி. இரட்டை ட்யூப். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார்.

"இது ஆட்டோமேட்டிக் சார்," என்றார் பாஸ்கரன். "பிளக்ல சொருகியே வெச்சிருங்க. கரண்ட் போன ஒடனே தானா எரியும். தீப்பெட்டி தேடற வேலையே இல்ல."

"இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"தானா எரியும் சார். தீப்பெட்டியே வேணாம்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா?"

"பேட்டரி சீக்கிரம் போய்டும் மாமா."

"போனா மாத்திக்கலாம்."

"வெளிச்சம் கண்ணக் குத்துது."

"குத்தட்டும்."

அன்று சாயங்காலம் கரண்ட் போன நொடியில் அந்தப் பெட்டி ஹாலில் பளீரென்று எரிந்தது. நான் சமையலறையில் அரிசி டப்பாவில் கை வைத்தபோது, விளக்கைத் தூக்கிக்கொண்டு மாமனார் வந்துவிட்டார். மேடைமேல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப நல்லா தெரியுதா? மெழுகுவர்த்தி இன்னாத்துக்கு?" என்றார். அவரும் என் மாமியார் ஃப்ளோரா அத்தையும் ஹாலில் கும்மிருட்டில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

தினமும் இதே கூத்து. மிச்சமிருந்த மெழுகுவர்த்திகளைப் பக்கத்து வீட்டு தங்கம்மாவுக்குத் தானம் கொடுத்துவிட்டார். ஜெயகரனிடம் சொன்னேன். அவருக்கு செகண்ட் ஷிஃப்ட், தூக்கக் கலக்கத்திலேயே, "லைட்டுதான, வுடு," என்றார். மதில் மேல் பூனை எந்தப் பக்கமும் குதிக்கவில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தில், மாமனார் அடிக்கடி எழுந்து வந்து சமையலறை வாசலில் நிழலாக நிற்கும்போது எனக்கு ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. அப்பாவை அங்கே அம்போவென்று விட்டுவிட்டேனே என்று தினமும் அழுதேன்.

அப்பா செத்து வருஷம் நிறைந்த நாள் வந்தது. காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி வந்தேன். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போகவே இல்லை. குடும்ப ஜெபம் முடிந்தது. ட்யூப்லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. இனி திருட்டுத்தனம் நடக்காது என்று நேராகவே கேட்டேன்.

"மாமா, இன்னிக்கு எங்கப்பா வருஷம். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இன்னிக்கு மட்டும்."

அவர் பைபிளை மூடினார். "குடிச்சே செத்த ஆளு. அவன் போன எடத்துல நெருப்புக்குக் கொறைச்சலா? நீ வேற கொளுத்தணுமா?"

அதுவரை அவர் மேல் எனக்கு எரிச்சல்தான் இருந்தது. அந்த நிமிஷம் அது வெறுப்பானது. எதிரில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகமும் செத்துப்போனது. அத்தையின் தம்பி இன்பராஜும் குடித்தே செத்தவர். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நான் உள்ளே போய் ஒரு சாஸரும் மெழுகுவர்த்தியும் எடுத்து வந்து, ஹால் நடுவில் டீப்பாய்மேல் நிறுத்திக் கொளுத்தினேன்.

"கரண்ட் கீது இல்ல? கண்ணு தெரியலயா?"

"வெளிச்சத்துக்கு இல்ல மாமா. எங்கப்பாவுக்கு."

அவர் குனிந்து ஊதினார். அணைந்தது. நான் மறுபடி கொளுத்தினேன். மறுபடி ஊதினார். அடுத்த குச்சியை அவர் ஊத வேண்டியிருக்கவில்லை, ஃபேன் காற்றே அணைத்துவிட்டது.

"பாத்தியா? கர்த்தருக்கே புடிக்கல," என்று சிரித்தார்.

திரும்பவும் கிழித்தேன். உள்ளங்கையை வளைத்துத் திரிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். சுடர் என் கையைச் சுட்டது. எடுக்கவில்லை.

"வெளிய போடி என் வூட்ட வுட்டு!"

"போறேன். இது எரிஞ்சு முடிஞ்சதும் போறேன்."

"ஃப்ளோரா! இவகிட்ட சொல்லு நீ!"

அத்தை எழுந்தார். சாஸரைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிச் சுவர் ஓரம் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் சுற்றி ஓயும் வரை அங்கேயே நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கைய எடும்மா, இனிமே அணையாது," என்றார். "இன்பராஜுக்கும் சேத்து சொல்லு."

மாமனார் ஊதுவதற்குக் குவித்த வாயோடு நின்றுகொண்டிருந்தார்.