பெருவிரல் மை

பேராச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளை சாயங்காலத்துக்குள் அவள் மலைவாசிப் பளியர் சாதிதான் என்ற சான்றிதழ் திருநெல்வேலிக் காலேஜுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ஹாஸ்டலும் இல்லை, படிப்பும் இல்லை. தென்காசி ஆபீஸ் ஒன்றின் பெஞ்சில் இது மூணாவது நாள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது.

காலேஜில் இடம் வாங்கிக் கொடுத்ததே நாச்சியார் டீச்சர்தான். செடிகொடி ஆராய்ச்சிக்கென்று குற்றாலம் மலைக்கு வந்த காலேஜ் வாத்தியாரம்மா. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அய்யாவோடு தேனெடுக்கப் போய்க்கொண்டிருந்த பேராச்சி, ஒவ்வொரு கொடிக்கும் பளியர் சொல்லும் பேரைச் சொல்லச் சொல்ல, டீச்சர் நோட்டை மூடிவிட்டார். இதையெல்லாம் நீயே படித்து நீயே எழுதணும் என்றார். பிரின்சிபாலோடு மல்லுக்கட்டி, பீஸ் இல்லாமல் ஒரு இடமும் வாங்கிவிட்டார்.

இங்கே குமாஸ்தாவோ மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் முத்து முத்தாகப் பேராச்சியின் கையெழுத்து. மலையில் பிறந்தேன் என்றாள், வாசலில் அய்யா நிற்கிறார் என்றாள். அந்த மனுஷன் காதில் வாங்கினால்தானே! கையெழுத்துப் போடுகிற பளிச்சியை ஆபீசர் நம்பமாட்டாராம். குமாஸ்தாவே வேறு மனுவை நிரப்பி, மைப்பெட்டியையும் நகர்த்தினார்.

"நிசமான பளிச்சின்னா கைநாட்டுல்லா வைப்பா?"

பேராச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேன் வாங்குகிற காண்டிராக்டர் நீட்டின காகிதத்தில் எல்லாம் கைநாட்டு வைத்தே காலத்தைக் கழித்தவர் அவள் அய்யா நல்லதம்பி. இந்தக் கேவலம் என்னோடு போகட்டும் என்றுதான் ஆறு வயதில் அவளைத் தோளில் சுமந்துவந்து பள்ளிக்கூடத்தில் விட்டார். மனுவைக் கிழித்து அந்த ஆள் மூஞ்சியில் எறியலாம் போலிருந்தது. எறிந்துவிட்டு நாளைக்கு என்ன செய்ய? மணி நாலரை. பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

அவ்வளவுதான், அரைமணியில் சீல் விழுந்து சான்றிதழ் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டதற்கு அடையாளம் வைக்க ரிஜிஸ்டர் நோட்டை நீட்டி, மறுபடியும் மைப்பெட்டியை நகர்த்தினார் குமாஸ்தா. சான்றிதழைப் பைக்குள் வைத்த பிறகு, அவர் பேனாவையே எடுத்து, 'பெற்றுக்கொண்டேன், ந. பேராச்சி' என்று தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் எழுதினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வெளியே சாரல். தாவணி நுனியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், மை போகவில்லை. சிரித்துக்கொண்டே சான்றிதழுக்குக் கை நீட்டின நல்லதம்பி அவள் விரலைப் பார்த்துவிட்டார்.

"உன்னையும் வைக்கச் சொல்லிட்டானுவளா, தாயி?"

"இதான் கடைசி, அய்யா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.