நொண்டத் தெரியாத அக்காள்

வலையில் சிக்கிய இரண்டு புறாக்களில் ஒன்று தப்பிவிட்டால், கதையும் தப்பிய புறாவோடு பறந்துவிடும். மறுநாள் அந்தப் புறா எப்படி இரை கொத்தியது என்று எவரும் கேட்பதில்லை.

அக்காளும் தங்கையும் சேர்ந்து ஒரு சலவைக்கடை நடத்திவந்தார்கள். இஸ்திரி மேசையின் முன் காலமெல்லாம் நின்றதில் இருவருக்கும் வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. தங்கைக்கு ஆபரேஷன் என்றாலே நடுக்கம். "நானும்தானே செஞ்சுக்கறேன், வாடி" என்று அக்காள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இருவருக்கும் ஒரே மருத்துவர், ஒரே வகைச் செயற்கை மூட்டு.

அக்காளுக்கு அது பிறவி மூட்டைப்போலவே பொருந்திக்கொண்டது. தங்கைக்கோ, ஓராண்டு கழிந்ததும், காலை ஊன்றும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்றது. எலும்பில் பதித்த உலோகத் தகடு பிடிவிட்டு ஆடுவதாக எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொன்னார். வேறு மூட்டு வைத்தார்கள். அதற்குள் அடியெலும்பு அரித்துப்போயிருந்ததால், ஊன்றுகோல் இல்லாமல் இனி நிற்க முடியாது என்றாகிவிட்டது.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தாள். அவளுடைய இஸ்திரிப் பெட்டி மேசையோரத்தில் ஆறிக் கிடந்தது.

அதன்பின் அக்காளும் நொண்டத் தொடங்கினாள். "உங்களுக்குமா?" என்று வாடிக்கையாளர்கள் பதறினால், "எல்லாம் ஒரே சரக்குதானே" என்பாள்.

ஒருநாள் பிற்பகல், சட்டையொன்றை மடித்தபடியே தங்கை கேட்டாள்.

"அக்கா, உனக்கு ஆபரேஷன் பண்ணது எந்தக் கால்?"

"வலதுதான். ஏன்?"

"அப்ப இடது கால் ஏன் நொண்டுது? நேத்து வலது நொண்டுச்சு. முதல்ல எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டு நொண்டுக்கா."

இருவரும் சிரித்தார்கள். அக்காள்தான் முதலில் நிறுத்தினாள்.

"நான்தானேடி உன்னை இழுத்துட்டுப் போனேன்."

"ஆமா, நீதான்."

இல்லை என்பாள் என்றே அக்காள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

"அதுக்காக நீயும் நொண்டினா என் கால் சரியாயிடுமா?" என்றாள் தங்கை. "நம்ம வீட்டுல ஒரு காலாவது ஒழுங்கா அமைஞ்சிருக்கு. நேரா நட. நான் பாக்கணும்."

அக்காள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நேராக நடந்தாள். முழங்காலில் ஒரு சிறு ஓசையும் இல்லை. மடிப்பதை நிறுத்திவிட்டுத் தங்கை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். வெகுநேரம் அவளால் திரும்ப முடியவில்லை.