வெலிச்கோ தலையாட்டிய வருடம்

பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருடம் எங்கள் ஊரில் பிறந்தவர்களைவிடச் செத்தவர்கள் அதிகம். செத்தவர்களில் பேருந்து ஓட்டுநர் வெலிச்கோ மட்டும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தாண்டன்று நகராட்சிக் கட்டடத்தில் நீலக் கொடி ஏற்றினார்கள். கயிறு சிக்கிக் கொடி பாதியில் நின்றுவிட்டது. அது மேலே போகும்வரை பனியில் நின்று பெரிய குழலை ஊதிக்கொண்டிருந்த பாண்டுக்காரருக்குச் சளி கட்டி, அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவில் சேர்ந்ததால் எங்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு சாவு.

பிப்ரவரியில் திராட்சைக்கொடி வெட்டும் திருநாள் வந்தது. வழக்கம்போல் ஆண்கள் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்க் கொடியை நறுக்கி, வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்றினார்கள். ஊற்றக் குனிந்த வெலிச்கோ நிமிரவில்லை. ஜாடி கவிழ்ந்து ஒயின் முழுக்க மண்ணில் ஓடியும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதால் ஆள் போய்விட்டார் என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. படம் போட்ட இரங்கல் நோட்டீஸை வீட்டுக் கதவிலும், ரொட்டிக்கடையிலும், பேருந்து நிலையத்திலும் ஒட்டினார்கள். நாற்பதாம் நாளில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று, வருடம் திரும்பியதும் ஒன்று என்று புதிதாக ஒட்டிக்கொண்டே போவது எங்கள் ஊர்ப் பழக்கம். ஒட்டியதை மனிதர் யாரும் கிழிப்பதில்லை. வெயிலும் மழையும்தான் கிழிக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரொட்டிக்கடைக்கு வந்த ஸ்தமேனா, பழக்கதோஷத்தில் நோட்டீஸைப் பார்த்து, "என்ன வெலிச்கோ, அங்கயும் குளிரா?" என்று கேட்டாள். படம் தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. எங்களுக்கு அப்படி ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை. மற்ற நாடுகளில் இதை மாற்றிச் செய்கிறார்களாம். அது அவர்கள் பாடு. ஸ்தமேனா ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மனுஷனுக்கு அங்கேயும் குளிராம் என்று கணவனிடம் வருத்தப்பட்டாள்.

அதன்பிறகு ஊரே கேட்கத் தொடங்கியது. தையல் தொழிற்சாலையை மூடிவிடுவார்களா என்று பெண்கள் கேட்டார்கள். தலை இடவலமாக ஆடியது, ஏப்ரலில் மூடினார்கள். பள்ளிக்கூடம் இருக்குமா என்றார்கள். மேலும் கீழும் அசைந்தது, மிச்சமிருந்த பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிக்குப் பேருந்து ஏறினார்கள். ஜூலையில் நாடே அடுப்பாகக் காய்ந்தது. தார்ச்சாலை செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது, வயதானவர்கள் தினம் ஒருவராகப் போனார்கள். மழை வருமா என்று காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, இல்லை இல்லை என்று அசைத்ததில் ரொட்டிக்கடை நோட்டீஸின் மேல்விளிம்பு தேய்ந்துபோனது. அக்டோபரில் மேயர் பதவிக்கு நின்ற எல்லோரும் தனித்தனியாக வந்து, நான் நல்லது செய்வேனா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஆனாலும் ஒருவர் ஜெயித்தார். மற்ற விதவைகளுக்கு இதில் மனத்தாங்கல். "எம்புருஷன் உசுரோட இருந்தப்பவே நான் கேட்டா பதில் சொல்லமாட்டான், செத்தா சொல்லப் போறான்!" என்றாள் பாண்டுக்காரரின் மனைவி.

கேட்காமலே இருந்தவள் கீனா ஒருத்திதான். அவள் வெலிச்கோவின் மனைவி. வாசலில் சதா யாராவது நின்றுகொண்டிருந்ததால் கதவைத் திறந்து மூடியே அவளுக்குக் கை ஓய்ந்துபோனது. அவளிடம் இருந்தது ஒரே கேள்வி, அதைக் கேட்கத்தான் பயம். மகள் ரலீட்சா ஒன்பது வருடத்துக்கு முன் ஸ்பெயினுக்குப் போனாள். அப்பாவின் பேருந்தில்தான் போனாள், அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு. வழியெல்லாம் பேசாமல் ஓட்டியவர், நகரத்தில் அவள் இறங்கும்போது, "இனிமே என் வாசல மிதிக்காத" என்றார். அவள் மிதிக்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. அங்கே ஸாரகோஸா நகரத்தில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பனி விழுந்த அன்று, வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீனா கேட்டுவிட்டாள். "ஏங்க, அவள வரச்சொல்லட்டுமா?"

படம் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. கீனா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரலீட்சா வந்து இறங்கினாள். கீனா உள்ளே மேசையில் அவரைக்காய்ச் சாறும், அரிசி அடைத்த குடைமிளகாயும், பூசணிச் சுருளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மேசையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கமாட்டோம். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள். ரலீட்சா பெட்டியைப் பனியில் வைத்துவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றாள். கதவில் ஒட்டியிருந்த அப்பாவை அவள் ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறாள்.

"அப்பா, நான் உள்ள வரட்டுமா?"

வெலிச்கோ தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். உயிரோடிருந்தபோதுகூட எதற்கும் அப்படி வேகமாக ஆட்டியவரில்லை. தாள் படபடத்தது. ரலீட்சா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பேருந்து நிலையத்துக்கே நடந்தாள். ஸாரகோஸாக் கிழவிக்குப் பேச்சு போய்விட்டது, தலைதான் ஆட்டுவாள். ஒன்பது வருடமாக அந்தத் தலையையே பார்த்துப் பார்த்து, நம்மூர்த் தலை எப்படி ஆடும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கீனா, பனியில் வந்த காலடித் தடத்தையும் திரும்பிப் போன தடத்தையும் பார்த்தாள். படம் இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தது. மேலங்கிகூடப் போடாமல் மாவுக் கையோடு ஓடினாள். நிலையத்தில் ரலீட்சா பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலேயே அங்குள்ள நோட்டீஸ், ஆமாம் ஆமாம் என்று ஆட்டியதில் இரண்டு மூலையும் பிய்ந்து தொங்கியது.

"ஏண்டி இங்க வந்து உக்காந்திருக்க?"

"அப்பா வேணாங்கிறாரும்மா. கண்ணால பாத்தேன். அப்படி ஆட்டுறாரு!"

கீனாவுக்கு அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அடி பைத்தியமே, எந்த ஊர்க்காரி நீ? வா வான்னு கழுத்து ஒடிய ஆட்டுறாரு மனுஷன். நீ பெட்டியத் தூக்கிட்டு வந்துட்ட."

ரலீட்சா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் தலையையும் இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டிப் பார்த்தாள், கழுத்து வலிக்காரி மாதிரி. பிறகு வாய்விட்டு அழுதாள். கடைசிப் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர், "ஏறலையா?" என்றார். இருவரும் தலையை மேலும் கீழும் அசைத்தார்கள். பேருந்து போய்விட்டது.

வருடத்தின் கடைசி நாள் காலையில் தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். பிப்ரவரியில் வருட நோட்டீஸ் ஒட்ட வேண்டும், அதற்கு எந்தப் படம் என்று பேசிக்கொண்டிருந்த கீனா, பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள். அந்தப் பத்து மாதத்தில் தாளில் இருந்த முகம் எவ்வளவு வாடிப்போயிருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"களைச்சுப் போச்சாங்க?"

வெலிச்கோ தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். மெதுவாக, ஒரே ஒரு தடவை.

"ஆமாங்கிறாரும்மா" என்றாள் ரலீட்சா.

"தெரியுது" என்றாள் கீனா. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்துவந்து, கதவிலிருந்த தாளை ஓரம் ஓரமாக நனைத்து, கிழியாமல் உரித்தாள். ரொட்டிக்கடையிலும் நிலையத்திலும் இருந்தவற்றை ரலீட்சா போய் எடுத்துவந்தாள். கையால் நோட்டீஸை எடுத்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. இனி யாரைக் கேட்பது என்று ஸ்தமேனா கொஞ்சம் முணுமுணுத்தாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பனி பெய்தது. பெய்யுமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.